நம்பிக்கையான ஆளை அனுப்பிட்டா அங்க ஃபேக்டரி ஓடிடுமா?

கேள்வி:

வணக்கம் சார். தண்டையார்பேட்டைல இருக்கேன், மணலி பக்கம் டூவீலர் பார்ட்ஸ் பண்ற கம்பெனில எச்ஆர் மேனேஜர். இங்க நானூறு பேர். போன வருஷம் எங்க எம்டி இந்தோனேசியாவுல கரவாங்ங்கற ஊர்ல ஒரு சின்ன பிரஸ் ஷாப்பை வாங்கினார், அங்க தொண்ணூறு பேர். எங்க கிட்ட 18 வருஷமா இருக்குற ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசரையும் பிரஸ்ல டை (அச்சு) மாட்டி சரி பண்ற ரெண்டு டை செட்டரையும் அனுப்பி வச்சோம். எம்டிக்கு அந்த சூப்பர்வைசர்னா கண்ண மூடிட்டு நம்பிக்கை. ஒன்பது மாசம் ஆச்சு. அங்க பழைய பிளான்ட் மேனேஜரும், அக்கவுண்ட்ஸும் பர்சனலும் சேர்த்து பாத்துட்டு இருந்த அம்மாவும் ராஜினாமா பண்ணிட்டாங்க. யூனியன்ல இருந்து லெட்டர் வந்திருக்கு: பெருநாள் போனஸ் லேட்டாச்சு, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல மீட்டிங் போடுறாங்க, லைன்ல எல்லாரும் பாக்க ஆபரேட்டரை கத்துறாங்கன்னு. நம்ம சூப்பர்வைசரு ராத்திரி போன் பண்ணி கூப்பிட்டுக்கோங்கன்னு அழுவுறார். இப்போ எம்டி "நீயே எச்ஆர் மேனேஜரா ரெண்டு வருஷம் போயிட்டு வாம்மா"ங்கறார். பொண்ணு ஆறாவது படிக்கிறா. நான் போகலாமா? இல்லன்னா யாரை அனுப்புறது, சம்பளம் எப்படி போடுறது?

பதில்:

வணக்கம் சகோதரி. நீங்க போகலாமான்னு கேட்டதுக்கு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது ரொம்ப சுலபம். போக முடியாது. உங்க பொண்ணு படிப்புக்காக சொல்லல, அந்த ஊர் சட்டமே விடாது. இந்தோனேசியாவோட தொழிலாளர் சட்டம், 2003-ல வந்த 13-ம் நம்பர் சட்டம், அதுல (பின்னாடி திருத்தினதுக்கு அப்புறம்) 42-வது பிரிவு, பர்சனல் அதாவது ஆள் எடுக்குறது அனுப்புறது சம்பந்தப்பட்ட பதவில வெளிநாட்டுக்காரங்க உக்காரக் கூடாதுன்னு நேராவே சொல்லுது. அந்த சீட்டு அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான். எம்டிக்கு இது தெரிஞ்சிருக்காது, அவர் மேல தப்பு இல்ல, ஆனா அடுத்து எவனாவது விசா ஏஜென்ட் வந்து "பேப்பர்ல குவாலிட்டி அட்வைசர்னு போட்டுக்கலாம் மேடம், போய் எச்ஆர் வேலையே பாருங்க"ன்னு சொல்லுவான் பாருங்க, அதுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க. பெர்மிட்ல ஒரு வேலை, செய்யறது ஒரு வேலைன்னு யாராவது புகார் குடுத்தா (யூனியன் ஏற்கனவே கோவமா இருக்கு, குடுக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்) நாட்டை விட்டு அனுப்பப் போறது உங்களைத்தான், ஏஜென்டை இல்ல.

அந்த சட்டத்துக்குப் பின்னாடி இருக்குற யோசனை தப்புன்னு எனக்கு தோணல. உள்ளூர் ஆளுங்களை எடுக்குறது, நிறுத்துறது, அவங்க குறையை கேக்குறது எல்லாம் அந்த ஊர் பேச்சு தெரிஞ்ச ஆள் கையில இருக்கணும்னு நினைச்சிருக்காங்க. உங்க கம்பெனில அந்த இடத்துல இருந்த அம்மா ராஜினாமா பண்ணப்பவே மணி அடிச்சிருக்கணும்.

இப்போ மெயின் விஷயத்துக்கு வரேன். உங்க மணலி யூனிட் எப்படி ஓடுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது கம்பெனி வேலை விதிமுறையை, ஃப்ரேம் போட்டு கேட் பக்கத்துல மாட்டியிருப்பீங்க, அதை யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. நிஜத்துல ஓடுறது எம்டியால. காலைல ஷாப்ல ஒரு ரவுண்டு வருவார், எவன் வீட்ல கல்யாணம், எவனுக்கு அட்வான்ஸ் வேணும், எவன் மூணு நாளா லேட்டுன்னு எல்லாம் அவருக்கே தெரியும். ஓவர்டைம் (ஓடி) வாய் வார்த்தைல முடிஞ்சிடும். சூப்பர்வைசர் திட்டினா கூட "விடு, அய்யா கிட்ட சொல்லிக்கலாம்"னு ஒரு வழி இருக்கும். இதை நான் குறையா சொல்லல, நம்ம ஊர்ல குடும்ப கம்பெனிங்க இத்தனை வருஷம் தாக்கு புடிச்சதே இதால தான். ஆனா இது எல்லாம் எம்டியோட கண்ணுலயும் ஞாபகத்துலயும் இருக்கு, ஒரு எழுத்து பேப்பர்ல இல்ல. அந்த சூப்பர்வைசருக்கு மணலில இருக்குற மரியாதை பாதி அவரோடது, பாதி எம்டியோடது. கரவாங்ல எம்டியை யாருக்கும் தெரியாது. அப்போ அங்க மிஞ்சுறது என்ன, வெறும் சத்தம்தான்.

சீனா, இந்தியா, பிரேசில்னு வளர்ற நாட்டு கம்பெனிங்க வெளிய போறப்போ நிறைய பேருக்கு இதே தான் ஆகுது. மிஷினு போயிடுது, டை போயிடுது, ட்ராயிங் போயிடுது, ஆளை நடத்துற விதம் மட்டும் எழுதி வைக்காததால போக மாட்டேங்குது, அந்த ஓட்டையை "நம்ம ஆளு" ஒருத்தரை வச்சு அடைக்கப் பாக்குறாங்க. அவர் திறமைசாலியா இருந்தாலும் அடைக்க முடியாது.

யூனியன் லெட்டர்ல இருக்குற மூணு விஷயத்தையும் எடுத்துக்கலாம். பெருநாள் போனஸ், அங்க டிஎச்ஆர்னு சொல்லுவாங்க, அது நம்ம தீபாவளி போனஸ் மாதிரி கிடையாது. நமக்கு 8.33-ல இருந்து 20 பர்சென்ட்டுக்குள்ள எவ்வளவுன்னு பண்டிகைக்கு முந்தின வாரம் வரைக்கும் பேரம் பேசியே பழக்கம், லாபம் வந்துச்சா வரலையான்னு கணக்கு பேச்சு வேற. அங்க ஒரு வருஷம் முடிச்ச ஆளுக்கு முழுசா ஒரு மாச சம்பளம், அதுக்கு கம்மியா வேலை பாத்திருந்தா மாசக் கணக்குல பங்கு, பெருநாளுக்கு 7 நாள் முன்னாடியே கைல குடுத்தாகணும், கம்பெனி நஷ்டத்துல ஓடுனாலும் குடுக்கணும். லேட்டானா 5 பர்சென்ட் அபராதம், அபராதம் கட்டிட்டா போனஸ் குடுக்க வேணாம்னும் ஆகாது. நம்ம சூப்பர்வைசர் "அடுத்த மாசம் பாக்கலாம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், மணலில அது சமாதானம், அங்க அது சட்ட மீறல். அதே மாதிரி வேலை நேரம், இங்க வாரத்துக்கு 48 மணி நேரம், அங்க 40, மேல போனா ஓடி, முதல் மணிக்கு ஒன்றரை மடங்கு, அடுத்த மணில இருந்து ரெண்டு மடங்கு. இதெல்லாம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாங்க, அந்த அம்மாதான், அவங்களை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

வெள்ளிக்கிழமை விஷயம் இன்னும் சின்னது, அதனாலதான் இன்னும் எரிச்சல். மதியம் ஜும்ஆவுக்கு போற நேரம் பாத்து ரிஜெக்‌ஷன் மீட்டிங் வச்சிருக்கார்னா வேணும்னு பண்ணியிருக்க மாட்டார், மணலில வெள்ளிக்கிழமை மதியம்தான் மீட்டிங்னு பழக்கம், அப்படியே எடுத்துட்டு போயிட்டார். நம்ம ஏரியாக்காரங்களுக்கு இது புரியாம போகக் கூடாது. பெரம்பூர் பின்னி மில்லுல சாப்பாட்டு நேரம் போதலைங்கறதும் வெள்ளைக்கார மேலதிகாரிங்க ஆளை நடத்தின விதமும் சேர்ந்துதான் 1918 ஏப்ரல்ல மெட்ராஸ் லேபர் யூனியன் வந்துச்சு, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்னாங்க, இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு பாடத்துல படிக்கிறோம். சங்கம் பொறந்ததுல சம்பளத்துக்கு இருந்த பங்கு, சாப்பாட்டு நேரத்துக்கும் மரியாதைக்கும் இருந்துச்சு. கரவாங், பெகாசி பக்கமும் மெட்டல் யூனியன் ரொம்ப ஸ்ட்ராங், சட்டப்படி பத்து பேர் சேந்தாலே அங்க யூனியன் வச்சுக்கலாம். ஒரு மணி நேர தொழுகையை வச்சு அவங்களோட சண்டைக்கு நிக்குறது எந்த கணக்குலயும் வராது.

கத்துறது பத்தி. நம்ம ஷாப்ல "டேய் அறிவிருக்கா உனக்கு, எத்தன தடவடா சொல்றது"ன்னு கத்திட்டு, பத்து நிமிஷம் கழிச்சு அவனுக்கே டீ வாங்கி குடுத்து தோள்ல கை போடுவோம், அவனும் சிரிச்சிட்டு போயிடுவான், அந்த திட்டுல ஒரு உரிமை இருக்கு. கரவாங் இருக்குற ஜாவா தீவுல நாலு பேர் முன்னாடி குரல் உசத்துறது ஒருத்தனை அசிங்கப்படுத்துறதுதான், வேற அர்த்தமே கிடையாது. டீ வாங்கி குடுத்தாலும் சரியாகாது. அவன் திருப்பி கத்த மாட்டான், அமைதியா சிரிப்பான், நம்மாளு "சரியாயிடுச்சு"ன்னு நினைச்சுப்பார், அடுத்த வாரம் லெட்டர் வரும். இதை சூப்பர்வைசருக்கு போறதுக்கு முன்னாடி யாராவது உக்கார வச்சு சொன்னாங்களா? டிக்கெட்டும் ஜெர்கினும் வாங்கி குடுத்து அனுப்பியிருப்போம், ஜெர்கின் கூட அந்த ஊருக்கு தேவைப்படாது.

கொரியா கம்பெனிங்க இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தப்போ நம்ம பசங்க வேலைக்கு போயிட்டு வந்து என்னென்ன சொன்னாங்க? அவங்க பாஷைல அவங்களே பேசிக்கிறாங்க, முடிவெல்லாம் ராத்திரி சியோல்ல எடுத்துட்டு காலைல நம்மகிட்ட சொல்றாங்க, நம்மாளு எவ்ளோ படிச்சிருந்தாலும் ஒரு லெவலுக்கு மேல விட மாட்டாங்கன்னு. 2024-ல சாம்சங் ஸ்ட்ரைக் ஒரு மாசத்துக்கு மேல போச்சே, அதுல முக்கியமான கோரிக்கையே எங்க யூனியனை அங்கீகாரம் பண்ணுன்னு தான். இப்போ கரவாங்ல நம்மதான் அந்த கொரியாக்காரங்க. உங்க இந்தோனேசியா யூனிட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும், அதுல எம்டி, சூப்பர்வைசர், ரெண்டு செட்டர், நீங்க, எல்லாரும் தமிழ்ல வாய்ஸ் நோட்டு போட்டுப்பீங்க, சரியா? பழைய பிளான்ட் மேனேஜர் அந்த குரூப்ல இருந்தாரா? இருந்தாலும் அவருக்கு ஒரு வரி புரிஞ்சிருக்குமா? அவர் ராஜினாமாவுக்கு காரணம் தேட ரொம்ப தூரம் போக வேணாம்னு நினைக்கிறேன்.

வாங்கின கம்பெனியை நடத்துறதுல பெரிய ஆளுங்களே ரெண்டு விதமா போயிருக்காங்க. சீனாவோட ஹயர் 2016-ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்கோட வீட்டு உபயோக பொருள் பிரிவை வாங்கினப்போ லூயிவில்ல இருந்த நிர்வாகத்தை அப்படியே வச்சுக்கிட்டாங்க, அப்புறமும் உள்ள இருந்தே தலைவரை போட்டாங்க. டாடா 2008-ல ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கினப்பவும் மும்பைல இருந்து ஒரு கூட்டத்தை அனுப்பி சீட்டை புடிக்கல. இன்னொரு பக்கம் சீனாவோட கண்ணாடி கம்பெனி ஃபுயாவ், ஓஹையோவுல ஜெனரல் மோட்டார்ஸ் மூடிட்டு போன ஆலைல கம்பெனி வச்சு, சீனாவுல இருந்து நூத்துக்கணக்குல ஆளுங்களை கூட்டிட்டு வந்து, ஆரம்பத்துல வச்ச அமெரிக்க தலைவரையும் மாத்தி, கடைசில 2017-ல யூனியன் வேணுமான்னு ஓட்டெடுப்பு வரைக்கும் போச்சு. 868-க்கு 444-ன்னு கம்பெனி பக்கம்தான் ஜெயிச்சுது, ஆனா அந்த 444 பேரும் மறுநாள் காலைல அதே லைன்லதான் வந்து நிப்பாங்க. நம்ம ஏரியாவுக்கும் இது புது கதை இல்ல, எண்ணூர் லேலண்ட் யுஏஇல இருக்குற ராஸ் அல் கைமால பஸ் பண்ணுது, திருவொற்றியூர்ல 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு வண்டி இப்போ தாய்லாந்துலயும் பிரேசில் மனாஸ்லயும் அசெம்பிள் ஆகுது. அவங்களுக்கு பேரு இருக்கு, உங்களுக்கு இல்ல, அதுதான் வித்தியாசம், அதனால நீங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

இந்த பேரு விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா யாரை அனுப்புறதுங்கற கேள்விக்கு பதில் இதுல தான் இருக்கு. கரவாங்ல டொயோட்டா இருக்கு, ஹோண்டா இருக்கு, டிவிஎஸ் கூட அங்க பிளான்ட் வச்சு 2007-ல இருந்து இருக்காங்க. அந்த ஊர்ல நல்லா படிச்ச இன்ஜினியர் பையன் ஜப்பான் கம்பெனி பேட்ஜை விட்டுட்டு பேரே கேள்விப்படாத மணலி கம்பெனிக்கு ஏன் வரணும்? சம்பளத்துல போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, அந்த ஜில்லாவோட மினிமம் வேஜே மாசம் 50 லட்சம் ருபியாவுக்கு மேல, நம்ம காசுக்கு இருபத்தஞ்சாயிரத்தை தாண்டும், இந்தோனேசியாவுலயே அதிகமா குடுக்குற ஏரியாக்கள்ல ஒண்ணு. ஆனா ஜப்பான் கம்பெனிங்க அவ்ளோ சுலபமா குடுக்காத ஒண்ணு உங்க கையில இருக்கு. அங்க பல வருஷம் வேலை பாத்த உள்ளூர் மேனேஜருக்கு மேல பெரும்பாலும் ஒரு ஜப்பான்காரர் இருப்பார், கடைசி சீட்டு கிடைக்காது. நீங்க அந்த சீட்டை குடுக்கலாம். பிளான்ட் ஹெட் நீதான், செக்ல கையெழுத்து இவ்வளவு வரைக்கும் நீதான், ஆள் எடுக்குறது நீதான்னு எழுத்துல குடுத்தா, நாப்பது வயசுல மேல போக வழி இல்லாம ஒருத்தர் உக்காந்திருப்பார், அவர் வருவார். நீங்க இங்க இருந்து அனுப்ப ஆள் தேடுறதை நிறுத்திட்டு அங்க அந்த ஆளை தேடுங்க. எச்ஆருக்கும் அப்படித்தான், சட்டப்படி வேற வழியும் இல்ல.

அப்போ நம்மாளுங்க யாருமே போக வேணாமான்னா, போகணும், ஆனா வேற வேலையா போகணும். டை செட்டிங் மாதிரி நம்ம கிட்ட மட்டும் இருக்குற கைவேலையை சொல்லிக் குடுக்க ஒருத்தர், ஆறு மாசமோ ஒரு வருஷமோ, எந்தெந்த டை யாருக்கு சொல்லிக் குடுக்கணும்னு லிஸ்ட்டோட, திரும்பி வர தேதியோட. இதையும் அந்த ஊர் சட்டமே கேக்குது, வெளிநாட்டு ஆள் ஒருத்தர் வந்தா அவர்கிட்ட வேலை கத்துக்க உள்ளூர் ஆள் ஒருத்தர் பேர் குடுக்கணும், அது போக ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் மாசம் 100 டாலர் அரசாங்கத்துக்கு கட்டணும். அந்த பேரை சும்மா ஃபார்முக்காக எழுதாம நிஜமாவே ஒரு நல்ல பையனை கூட நிக்க வைங்க. அப்புறம் ஒண்ணு, பத்தாவது பாஸ் பண்ணாத செட்டரை அனுப்புறதா இருந்தா அவர் பாஸ்போர்ட் இசிஆர் வகையா இருக்கும், அந்த பாஸ்போர்ட்டுக்கு கிளியரன்ஸ் வேணுங்கற 18 நாட்டு லிஸ்ட்ல இந்தோனேசியாவும் இருக்கு, எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்காம ஏர்போர்ட் போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

சம்பளம் பத்தி ரொம்ப சுத்த வேணாம். இங்க வாங்குற சம்பளம் அப்படியே இங்க அவர் பேங்க்ல விழணும், வீட்டு லோனும் ஸ்கூல் ஃபீஸும் அதுல ஓடும், பிஎஃப் பிரேக் ஆகாது. அங்க சாப்பாடு, வீடு, வண்டி செலவுக்கு தனியா ருபியால ஒரு தொகை, வருஷத்துக்கு ரெண்டு டிக்கெட், மெடிக்கல் இன்ஷூரன்ஸ். ஈஎஸ்ஐ கார்டு அந்த ஊர் ஆஸ்பத்திரில செல்லாது, அதை நம்பி அனுப்பிடாதீங்க. ஆறு மாசத்துக்கு மேல இருந்தா அங்கயும் பிபிஜேஎஸ்னு அவங்க சோஷியல் செக்யூரிட்டில சேரணும், ஜெர்மனி, கொரியா மாதிரி நாட்டோட நமக்கு இருக்குற சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இந்தோனேசியாவோட இல்ல, அதனால பிஎஃப் ஆபீஸ்ல (இபிஎஃப்ஓ) ஒரு சர்டிபிகேட் வாங்கி அந்த பக்கம் பிடித்தத்தை தவிர்க்குறது இங்க நடக்காது. 183 நாள் தாண்டினா அங்க டேக்ஸும் வரும், ரெட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு, ஆனா அதை ஆடிட்டர் போறதுக்கு முன்னாடி பாக்கணும், வந்ததுக்கு அப்புறம் நோட்டீஸை கையில வச்சுக்கிட்டு பாக்கக் கூடாது. டேக்ஸ் எவ்வளவு வந்தாலும் கம்பெனி பொறுப்புன்னு லெட்டர்லயே போட்டுடுங்க, அது அந்த ஆள் தலைல விழுந்தா அடுத்து ஒருத்தரும் போக மாட்டாங்க.

இப்போ அழுவுற சூப்பர்வைசர். அவரை உடனே கூப்பிட்டுக்கோங்க, ஆனா எப்படி கூப்பிடுறீங்கங்கறது முக்கியம். அவர் தோத்துட்டு வந்தார்னு மணலி கேன்டீன்ல பேச்சு வந்துச்சுன்னா அந்த மனுஷனோட 18 வருஷமும் போச்சு. அவர் சீட்ல இப்போ யார் இருக்காங்க? ஒன்பது மாசமா அவர் வேலையை பாத்த பையனை எடுத்துட்டு அவரை உக்கார வச்சா அந்த பையனுக்கு கோவம், பையனையே விட்டா இவருக்கு அவமானம். எம்டியோட இதை முதல்ல பேசி முடிங்க. எனக்கு தோணுறது, ஏற்றுமதி ஆர்டருக்கும் கரவாங் டைங்களுக்கும் சேர்த்து இங்க ஒரு டெக்னிக்கல் பொறுப்பு குடுத்தா அவருக்கு தெரிஞ்ச விஷயமும் வீணாகாது, பதவியும் உசரும். இனிமே யார் போனாலும் திரும்பி வந்தா எந்த வேலைங்கறது போறதுக்கு முன்னாடியே லெட்டர்ல இருக்கணும்.

இதெல்லாத்தையும் விட கஷ்டம் எம்டி போன். உள்ளூர் பிளான்ட் ஹெட் போட்ட அன்னைக்கே, எம்டி ராத்திரி நேரா செட்டருக்கு போன் பண்ணி "நாளைக்கு அந்த ஜாப் ஓட்டு"ன்னு சொன்னார்னா அந்த ஹெட்டுக்கு அங்க வேலை முடிஞ்சுது. அவரை மாத்த முடியாது, ஆனா வழி மாத்தலாம். தமிழ் குரூப்பை மூடிட்டு இங்கிலீஷ்ல ஒரே குரூப், வாரத்துக்கு ரெண்டு கால், பிளான்ட் ஹெட் லைன்ல இல்லாம ஆர்டர் கிடையாது. எம்டி ஒத்துக்கணும்னா ரெண்டு பேர் ராஜினாமாவால எவ்வளவு காசு போச்சு, ரிஜெக்‌ஷன் எவ்வளவு ஏறுச்சுன்னு ஒரு பக்கத்துல எழுதி குடுங்க, மரியாதை கலாச்சாரம்னு பேசுனா கேக்க மாட்டார், காசுல சொன்னா கேப்பார், முதலாளிங்க அப்படித்தான்.

உங்க வேலை இங்க உக்காந்து பண்றது. அங்க பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கம்பெனி விதிமுறை எழுதி பதிவு பண்ணணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், பழைய கம்பெனியோடது காலாவதி ஆயிடுச்சான்னு பாருங்க. லீவு, ஓடி, திட்டு, புகார் எல்லாம் எம்டி தலைல இருந்து பேப்பருக்கு வரட்டும், அதை மணலிக்கும் சேர்த்தே பண்ணுங்க. பிசினஸ் விசால ஒரு வாரம் பத்து நாள் மீட்டிங்குக்கு போயிட்டு வரலாம். இதுக்கு உங்க பதவியும் சம்பளமும் ஏறணும்னு கேட்டு வாங்குங்க, ரெண்டு நாட்டு எச்ஆரை ஒரு நாட்டு சம்பளத்துக்கு யாரும் பாக்குறது இல்ல.

இதுக்கெல்லாம் முன்னாடி ராஜினாமா பண்ணிட்டுப் போன அந்த அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணுங்க, சூப்பர்வைசரையோ எம்டியையோ லைன்ல வச்சுக்காம. ஏன் போனீங்கன்னு கேட்டுட்டு குறுக்க பேசாம கேளுங்க, யூனியன் லெட்டருக்கு என்ன பதில் எழுதலாம்னும் அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். திரும்ப வரேன்னு சொன்னாங்கன்னா எச்ஆர் மேனேஜர்ங்கற பதவியோட எடுங்க, சம்பளத்தை மட்டும் எம்டி பேச விடாதீங்க, நீங்களே பேசி முடிச்சிடுங்க.